இரும்புத்தாது ஏற்ற எத்தனை நாள்

அண்ணா,

இன்று நூலகத்தில் ஆங்கிலப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பட்டியலில் உன் கப்பலின் பெயர் இருந்தது. நீ இல்லாமலும் அது வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக லீவில் வந்தபோது அதன் நீளத்தைக் கேட்டேன். "நம்ம பெரிய கோபுரத்தப் படுக்க வெச்சா, மூணு கோபுரம் அடங்கும் பாப்பா" என்றாய். அடுப்படியிலிருந்து அம்மா, "கோபுரத்தயே படுக்க வெக்கிறியா? கன்னத்துல போட்டுக்கடா மொதல்ல" என்று கத்தினாள். போட்டுக்கொண்டே, "ஏழு சரக்கறை, அறுபதாயிரம் டன்" என்று அடுக்கினாய். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு வருடம், நீ எந்தக் கடலில் இருக்கிறாய் என்று வீட்டில் சொன்னவள் நான்தான். உன் கடிதங்களின் தபால் முத்திரை, பேப்பர், பள்ளிக்கூட அட்லஸ், இவற்றை வைத்துக்கொண்டு சொல்வேன். அப்பா அதைப் பஞ்சாங்கம் போல நம்பினார்.

அந்தக் கார்த்திகையில், தீபத்துக்கு முதல் நாள், இரும்புத்தாது ஏற்ற உன் கப்பல் சென்னைக்கு வந்தது. ஊருக்கு வர லீவு கிடையாது என்று முன்பே எழுதியிருந்தாய். துறைமுக வாசலில் அரைமணி நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். வீடு முழுக்கத் தீபத்துக்கு வந்த உறவுக்காரர்கள். அம்மாவோ பையைக் கட்டிவிட்டாள். "இன்னிக்கே கெளம்பிடலாங்க. வந்தவங்க அவங்களே பாத்துக்குவாங்க." அப்பா என்னைப் பார்த்தார்.

"தாது ஏத்த அஞ்சு நாள் ஆகும்பா. தீபம் பாத்துட்டே போலாம்" என்றேன். அது நீ முன்பு வேலை பார்த்த பழைய கப்பலில், கிரேனால் அள்ளி ஏற்றிய காலத்துக் கணக்கு.

தீபத்துக்கு மறுநாள் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அதற்கடுத்த நாள் துறைமுக வாசலில் காவலாளி, "அதுவா? நேத்து காலையிலயே போயிடுச்சும்மா" என்றார். அம்மா முறுக்கு டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பயணத்தில்தான் நீ சரக்கறைக்குள் விழுந்தாய்.

தந்தி வந்த பிறகு உன் கடைசிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "இப்பல்லாம் மெட்ராஸ்ல ஓடற பெல்ட்டுலயே தாதைக் கொட்டிடறாங்க. ஒண்ணரை நாள்ல ரொம்பிடும்." வழக்கமான உன் அளப்பு என்று, அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது நான் தாண்டிப்போன வரி.

அம்மா இன்றும் கேட்கிறாள்: "அந்தக் கேப்டனுக்கு ஒரு தாயி இல்லியா? ரெண்டு நாள் நின்னு போனா என்னவாம்?"

"ஆமாம்மா" என்கிறேன், அண்ணா. ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறேன்.