பெஞ்சு டிக்கெட்டில் என் நாடகம்

மேலையூர்,
9-8-1974

அன்பு மகள் மலர்கொடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கறவை மாடும் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதற்கு மேல் சுகமாக இருக்க வேண்டும். வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா எழுதினால் கூட்டி எழுதுவாள். நான் எழுதிய நாடகத்தை நானே பெஞ்சு டிக்கெட் வாங்கிப் பேராவூரணியில் பார்த்துவிட்டு வந்தேன். மாசித் திருவிழாவில் நம்மூரில் போட்டோமே அதே நாடகம்தான். அதில் வருகிற கஞ்ச மிராசுதார், செருப்புத் தேயுமென்று கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர், நம் மிராசுதார் உலகநாதன்தான் என்று உனக்குத் தெரியும். அவர் நிலத்தைத்தானே நாம் குத்தகைக்கு உழுகிறோம், அதனால் அவர் சென்னைக்குப் போயிருந்த வாரமாகப் பார்த்து மேடையேற்றி, நோட்டீஸில் என் பெயருக்குப் பதில் 'காவிரிப்புதல்வன்' என்று போட்டேன், உன் அப்பாவின் வீரம் அவ்வளவுதான். அதில் மிராசுதாராக நடித்த நாகநாதன் கையெழுத்துப் பிரதியோடு போய்ப் பேராவூரணியில் தனியாக மன்றம் வைத்து 'கதை வசனம் நாகநாதன்' என்று அச்சடித்துவிட்டான்.

தஞ்சாவூரில் வக்கீல் ஜெகபர் அலியைப் போய்ப் பார்த்தேன். எழுதிய நிமிஷமே உரிமை எழுதினவனுக்கு வந்துவிடுமாம், எங்கேயும் பதிய வேண்டாமாம், கேட்காமல் மேடையேற்றினால் கோர்ட்டில் தடை வாங்கலாமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால், "மொகத்தக் காட்டாம உரிமையக் கேக்க முடியாது பஞ்சநதம், காவிரிப்புதல்வன் நான்தான்னு வெளியில சொல்லணும்" என்றார். சொன்னால் நிலம் போகும். குத்தகைக்காரனை வெளியேற்ற முடியாதென்று சட்டம் வந்தது வாஸ்தவம், நம் பெயர்தான் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. நாடகத்துக்குப் பதிவு வேண்டாம், நிலத்துக்கு வேண்டும், நான் பயப்படுவதற்கு இது போதாதா. அம்மாவைக் கேட்டால், "நெலம் போனா ஒங்க வசனத்தையா வடிச்சுக் கொட்டுறது" என்றாள்.

அப்படியும் மனசு ஆறாமல்தான் டிக்கெட் வாங்கினேன். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகை ஆடியது, எல்லாம் அவன் பெயருக்கு. முடிந்ததும் பின்பக்கம் போய் நாகநாதனிடம் நியாயம் கேட்டேன். அரிதாரம்கூடக் கலைக்காமல், "தாராளமா ஒங்க பேரப் போடுறேண்ணே. புதன்கெழம ஒங்க ஊர்லதான் நாடகம், மிராசுதார் தலைமை. மேடையேறி நான்தான் எழுதுனேன்னு சொல்லிடுங்க" என்றான். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று பயலுக்கு அவ்வளவு நம்பிக்கை.

புதன்கிழமை நாடகம் முடிந்ததும் மேடையில் ஏறிவிட்டேன், மலர். மைக்கைப் பிடித்து நான்தான் எழுதினேன் என்றேன், உன் அம்மா கூட்டத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மிராசுதார் எழுந்தார். நிலம் போயிற்று என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து எனக்குப் போட்டு, "நெல்லு அளக்கறப்ப விக்கல் வந்துச்சுன்னு மறுபடி ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிக்கிறான் பாரு, அதுதான்யா உசிரு. எம் பங்காளி துரைக்கண்ணுவ உரிச்சு வச்சிருக்கியே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் கும்பிட்டேன். இனி நோட்டீஸில் என் பெயர்தான், நாகநாதன் ஊரறிய ஒத்துக்கொண்டான். பதிவேட்டில் பெயர் ஏற்றவும் மனு எழுதிவிட்டேன், இந்தச் சூட்டோடு மிராசுதார் கையெழுத்துப் போட்டாலும் போடுவார்.

பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை ராத்திரி ஷிப்டு முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கச் சொல். வரும்போது என் பழைய மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கூடு வாங்கி வா. குலசாமி உங்களை நிறைவாக வைக்கட்டும்.

உன் அப்பா,
பஞ்சநதம்

பி.கு: அந்த விக்கல் காட்சி என் பிரதியில் கிடையாது. நாகநாதன் சேர்த்தது.