பெரிய சக்கரக்காரி

ஃபைலி,
4 மார்ச் 1906

அன்புள்ள ஜேபஸுக்கு,

கடற்காற்று பட்டதிலிருந்து என் இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. நம் புகைத் தெருவுக்கு நான் இனித் திரும்பவே கூடாது என்கிறார் டாக்டர். நீங்கள்தான் இங்கே வர வேண்டும். "எஞ்சின் ஓய்வு பெறட்டும், மறுநாளே வந்துடுறேன் லெட்டி" என்று சொல்லி இரண்டு வருஷமாகிறது.

ஏமாறுவது எனக்குப் புதிதா? கல்யாணமான புதிதில், நீங்கள் ஓட்டும் எஞ்சினுக்கு இருக்கும் ஒரே ஜோடிப் பெரிய சக்கரம் மழையில் வழுக்குகிறது, இனி அந்த ரகமே வேண்டாம் என்றார்கள். மனசுக்குள் குதித்தேன். யாரோ ஒரு புண்ணியவான், வழுக்காமலிருக்கச் சக்கரத்தடியில் நீராவியால் மணல் ஊதக் கண்டுபிடித்தான். சாகக் கிடந்தவள் எழுந்து மறுபடி எக்ஸ்பிரஸ் இழுக்கப் போய்விட்டாள். அந்த மணல்காரன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!

சக்களத்தியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் லெட்டி

---

ஷெட்டுத் தெரு,
18 மார்ச்

அன்பு லெட்டி,

உன் சக்களத்தி போய்விட்டாள். பயணிகள் உட்கார்ந்து சாப்பிடும் பெட்டிகளைச் சேர்த்ததிலிருந்து ரயில் கனத்துவிட்டது. மேடு ஏற, முன்னால் இன்னொரு எஞ்சினைக் கட்ட வேண்டியிருந்தது. "என்ன ஜேபஸ், கிழவியைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வர்றியா?" என்று பிளாட்பாரத்தில் ஒருத்தன் கேட்டான். எங்கள் ஷெட்டில் அந்த ரகத்தில் இவள்தான் கடைசி.

அவரவர் எஞ்சினை அவரவரே உடைக்கும் பட்டறையில் கொண்டுபோய் விடுவதுதான் எங்கள் வழக்கம். பித்தளையெல்லாம் மினுக்கித்தான் ஓட்டிப்போனேன். "உடைக்கப் போறதுக்கு எதுக்குய்யா சிங்காரம்?" என்றான் வாசல்காரன். கைப்பிடியை இன்னொரு தடவை துடைத்துவிட்டு இறங்கினேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

ஃபோர்மேன் புது எஞ்சின் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். வழுக்கிவிடுமோ என்ற பழைய பயத்தில், நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். அதற்கு நான்கு பெரிய சக்கரம், வழுக்கவே இல்லை. நான் தடவிக்கொண்டிருந்ததில் வண்டி தாமதமாகிவிட்டது. "நல்லா இழுங்க, இது ஒண்ணும் உங்க கிழவி இல்ல" என்று கரி போடும் ஃபயர்மேன் சிரித்தான். எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் அங்கே வந்துவிடுகிறேன்.

ஜேபஸ்

---

ஃபைலி,
21 மார்ச்

அன்புள்ள ஜேபஸுக்கு,

சந்தோஷப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் எழுதுங்கள். அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் வந்திருப்பீர்களா?

பதில் தெரியாமல் உங்களுக்குப் படுக்கை விரிக்க மாட்டேன்.

லெட்டி

---

ஷெட்டுத் தெரு,
25 மார்ச்

லெட்டி,

வந்திருக்க மாட்டேன். நீ அங்கே தனியாக இருமிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் ஓட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். இப்போதும் காலையில் கால் தானாக ஷெட்டுக்குப் போகிறது. அவள் நின்ற இடம் காலியாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் நீயும் இல்லை.

வரட்டுமா?

ஜேபஸ்

---

ஃபைலி,
28 மார்ச்

அன்புள்ள ஜேபஸுக்கு,

படித்துவிட்டு அழுதேன், கோபத்தில்தான். ஆனால் "உனக்காக எப்படியும் வந்திருப்பேன்" என்று எழுதியிருந்தால் இந்தக் கதவைத் திறந்திருக்கவே மாட்டேன். அவள்மேல் இருந்த ஆசையை நீங்கள் ஒருநாளும் என்னிடம் மறைத்ததில்லை. தெரிந்தேதான் குடும்பம் நடத்தினேன்.

வாருங்கள். அவளைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் சொல்ல மாட்டேன். எனக்கும் அவளைத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் ஊதுவது கேட்டுத்தான், நீங்கள் வீட்டுக்கு வரும் நேரம் என்று, அத்தனை வருஷமும் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன். இங்கே அந்த ஊதலில்லாமல், எப்போது சமைப்பது, யாருக்குச் சமைப்பது என்றே தெரியாமல் ரொட்டியும் டீயுமாகப் பொழுது போகிறது.

இனி அவள் ஊதப்போவதில்லை. நீங்களாவது வந்து, பசிக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் லெட்டி