போகும்போது ஐம்பது அடி

மார்ச் 4, காலை 6 மணி 40 நிமிடம். உன் அம்மா ‘பெட்டர்’ என்று சொன்னது இன்றோடு நாற்பத்தாறு தடவை.

அன்புள்ள வாலுக்கு, நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் அந்த வாக்கியம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ நலமா, அந்தத் தீவில் குளிர் எத்தனை டிகிரி, வானிலை நிலையத்தில் ஹீட்டர் வேலை செய்கிறதா, எண்ணாக எழுது, பரவாயில்லை என்று எழுதாதே. இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அடுத்த நிமிடமே உன் அம்மாவைக் கூப்பிடுவாய், அவள் பெட்டர் என்பாள், கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பதினான்காம் தேதிப் படகில் கடிதம் வந்துவிடும், நீ இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியது இருபதாம் தேதி, நடுவில் ஆறு நாள் இருக்கிறது, யோசிக்க அது போதும். விஷயம் இதுதான்: அம்மாவின் காலைப் பற்றி நான் உனக்குத் தினமும் அனுப்பிய அளவு தவறு. தவறு அவளுடையது இல்லை, என்னுடையது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உன் அம்மா நூலகத்தில் ஏணியிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்து, கைத்தடியோடு நடக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த நாளில் நான் கேட்டேன், எப்படி இருக்கே என்று. பெட்டர் என்றாள். எதை விட என்று கேட்டேன். ஐயோ ஆரம்பிச்சிட்டாரு என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீயே சொல், தராசுக்கும் அளவுகோலுக்கும் முத்திரை போடுகிறவன் நான், எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாத அளவை எப்படி ஏற்றுக்கொள்வது? தமிழில் ‘விட’ என்று ஒன்றை முன்னால் வைக்காமல் ஒப்பிட வாயே வராது, இங்கிலீஷ்காரன் மட்டும் பெட்டர் என்று அந்தரத்தில் தொங்கவிட்டுப் போய்விடுகிறான். கொஞ்சம் தேவலை என்றாலும் பெட்டர்தான், முழுசாகக் குணமாகிவிட்டது என்றாலும் அதே பெட்டர்தான் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீதான் எனக்குச் சொன்னாய், அன்றைக்கே அந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். என் மேலாளர் வாயில் அதே சொல் மிரட்டல், அறிக்கையை இன்றைக்கே கொடுத்துவிடுவது பெட்டர் என்பார், கொடுக்காவிட்டால் என்ன என்று சொல்லவே மாட்டார். டாக்டர் சொன்னால் அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார் என்று அர்த்தம். உன் அம்மா சொன்னால் இனி கேட்காதே என்று அர்த்தம்.

அதனால் நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். கட்டிலிலிருந்து நாலாவது அடியில் ஒரு நாற்காலி போட்டேன். அவள் ஒரு தடவை பெட்டர் என்று சொன்னால் நாற்காலி ஒரு அடி தள்ளிப் போகும், அவள் அதுவரை நடந்து போய் உட்கார வேண்டும், நான் தரையில் சாக்பீஸால் எண் எழுதி, படம் பிடித்து உனக்குப் போனில் அனுப்புவேன். ஒரு நாளாவது இன்னைக்கு முடியலை என்பாள், அங்கே கோடு போட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். அவள் சொல்லவே இல்லை. இருபதாவது நாள் நாற்காலி வாசற்படிக்கு வந்தது, முப்பத்திரண்டாவது நாள் கேட்டுக்கு வந்தது, மறுநாளும் பெட்டர் என்றாள், நான் என்ன செய்வது, முறை என்றால் முறை, நாற்காலியைத் தெருவில் போட்டேன். பன்னிரண்டு நாள் தெருவில் கிடந்தது. பால்வண்டிக்காரர் ஹாரன் அடித்து, கொஞ்சம் ஓரமா உக்காருங்கம்மா, வண்டி போக வேண்டாமா என்றாராம். இது வீட்டுக்காரர் அளந்து போட்ட இடம், ஒரு அங்குலம் நகர்ந்தாலும் கணக்கு கெட்டுடும், நீங்க சுத்திப் போங்க என்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாளாம். நான் நாற்காலியின் முதுகில் ஒளிரும் நாடா ஒட்டினேன், அதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும். முந்தாநாள் நாற்காலி தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கத் தண்ணீர் கேன் கடை வாசலுக்குப் போயிற்று. நேற்றுக் காலை ஐம்பதாவது அடி எட்டியதும் உனக்கு அனுப்பினேன், நீ கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய், அப்ப கையெழுத்துப் போட்டுடலாம்ப்பா என்று எழுதினாய்.

நேற்று ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் போய் பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் திரும்பினால் எதிரே தண்ணீர் கேன் வண்டி வருகிறது. கேன்காரர் தள்ளுகிறார். ஆறு கேன்களுக்கு நடுவில், கைத்தடியைத் துடுப்பு மாதிரி பிடித்துக்கொண்டு, கால் நீட்டி உன் அம்மா. என்னைப் பார்த்ததும் கேன்காரர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, சார், சத்தியமா போறப்ப அம்மா நடந்துதான் போனாங்க, ரிட்டர்ன் மட்டும்தான் நம்ம வண்டி என்றார். எத்தனை நாளாக என்றேன். பதினாலு நாளா சார், கேட்டைத் தாண்டினதுல இருந்து, காசு கூட வாங்கலை என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க போறதைத்தானே அளந்தீங்க, வர்றதை யாரு கேட்டா என்றாள்.

வாலு, எனக்கு நாற்பத்தொரு வயது, இருபத்தொன்றிலேயே அப்பாவாகிவிட்டேன், பொறுமை பழக நேரம் கிடைக்கவில்லை, ஆனால் என் தொழிலில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. தராசில் எடைக்கல்லை ஏற்றும்போதும் அளவு எடுக்க வேண்டும், இறக்கும்போதும் எடுக்க வேண்டும், ஏற்றும்போது சரியாகக் காட்டி இறக்கும்போது தப்பாகக் காட்டுகிற தராசு எத்தனையோ உண்டு, சேர்ந்த முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஊரிலிருக்கிற தராசையெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்தவன் வீட்டில் ஒரு பக்கம் மட்டும் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அவள் ஏணியில் ஏறும்போது விழவில்லை, இறங்கும்போதுதான் விழுந்தாள். சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று பையில் இருந்தது, தேறாத கருவிக்கு ஒட்டுவது, அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வண்டியில் இருந்தபடியே அதைப் பிடுங்கி என் சட்டையில் ஒட்டினாள். ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், சாயங்காலம் டாக்டரிடமும் அதோடுதான் போனேன்.

வீட்டுக்குள் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எதை விடப் பெட்டர்? இந்தத் தடவை திரும்பிப் படுக்கவில்லை. ஏணிக்குக் கீழே கிடந்தேனே, அதை விட என்றாள். பிறகு, நான் பெட்டர் இல்லைன்னா நாற்காலி நகராது, நகரலைன்னா வாலுக்குத் தெரிஞ்சிடும், அவ பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடுவா, இந்த வேலைக்கு அவ எத்தனை பரீட்சை எழுதினா தெரியுமா உங்களுக்கு என்றாள். ஐந்து என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கடை வாசலிலிருந்து அவளைத் திரும்பி நடக்கவிட்டு அளந்தேன். பதினேழு அடி. கேட்டுக்கு உள்ளே மூன்றடியில் வழியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டு எண்ணையும் டாக்டரிடம் சொன்னேன். முதல் தடவையாகத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். இதை முதல்லயே சொல்லக்கூடாதா, தசை இன்னும் தேறலை, பயிற்சியை மாத்தணும், மூணு மாசம் ஆகும், ஆனா சரியாயிடும் என்றார். பெட்டரா என்று உன் அம்மா கேட்டாள். பதினேழு என்றார் டாக்டர். நல்ல மனிதர், நான்தான் தப்பாக நினைத்திருந்தேன்.

இனி நான் செய்யப்போவது:

1. நாற்காலியை ஐம்பதாவது அடியிலிருந்து கட்டிலிலிருந்து பதினேழாவது அடிக்குக் கொண்டுவருவேன். இந்தக் கடிதத்தை முடித்ததும்.

2. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் பதினான்காம் தேதியிலிருந்து தினமும் உனக்கு இரண்டு எண் அனுப்புவேன், போவது ஒன்று, வருவது ஒன்று. இரண்டும் சமமாகிற நாளில் நானே பெட்டர் என்று எழுதுவேன், எதை விட என்று நீ கேட்க வேண்டியிருக்காது.

3. கேன்காரர் இனி அவளை ஏற்றினால் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதித்துவிட்டார், பேனா மட்டும் கேட்டார்.

4. இருபதாம் தேதி கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல மாட்டேன். ஐம்பதை வைத்து முடிவு செய்யாதே, பதினேழையும் மூன்று மாதத்தையும் வைத்துச் செய். வந்தால் உன் அம்மா திட்டுவாள், நான் ஸ்டேஷனுக்கு வருவேன். வராவிட்டால் அவள் சந்தோஷப்படுவாள், நான் எண் அனுப்புவேன்.

5. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. காற்றுமானிக் கம்பத்தில் ஏறும்போது இடுப்புக் கயிறு கட்டிக்கொள், இறங்கி முடிக்கும்வரை அவிழ்க்காதே.

6. முதல் வரியைத் திருத்துவேன், ‘இன்றோடு’ இல்லை, ‘நேற்றோடு’. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள், ஜன்னல் வழியாக எண்ணினேன், கேன்காரர் வெறுங்கையோடு பின்னாலேயே வந்தார், அவர்தான் சாட்சி. பதினேழு இல்லை, பதினெட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பெட்டர் என்று சொல்லவில்லை. எத்தனை என்று கேட்டாள்.

இப்படிக்கு,
ஸ்டிக்கரோடு,
அப்பா