மூன்று மீட்டருக்கு மேல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை என்பதால் அந்த மரியாதை இன்றைக்குக் கிடையாது. எடுத்தாலும் "அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து கடைசிவரை படி.

உனக்கு மூன்று முறை எழுதியும் பதில் கிடைக்காத அந்த ஆராய்ச்சி மாணவி, கடைசியில் எங்கள் ஆற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கே எழுதிவிட்டாள். கம்ப்யூட்டரில் வெள்ளத்தை ஓட்டிப் பார்க்கிற உன் சிமுலேஷனின் புரோகிராமும், அதற்காக நான் கொடுத்த ஆற்று அளவுகளும் வேண்டுமாம். புரோகிராம் உன்னுடையது. அளவுகள் எங்களுடையவைதானே, கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவளுக்கு அனுப்புகிறோமே என்று, அட்டவணையில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் என்ன இருக்கிறது என்று விளக்கம் எழுத உட்கார்ந்தேன். உனக்கு அப்படி எதுவும் எழுதித் தரவில்லை. தம்பிதானே, வேண்டுமானால் கேட்பான் என்று பென்டிரைவை உன் கையில் திணித்து அனுப்பினேன்.

'நீர்மட்டம்' என்ற தலைப்புக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பாலத்துத் தூணில் நீர்மட்டத்தை அளக்கும் மானிக்கு மூன்று மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் அது மூன்று என்றே பதிந்துகொண்டிருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், அதுதான் கொடுமை. பெரிய வெள்ளத்தன்று ஒன்பது மணி நேரத்துக்கு மூன்று, மூன்று, மூன்று என்றே இருக்கிறது. எந்த ஆறு அப்படி அசையாமல் நிற்கும்? நீ நம்பினாய், ஏனென்றால் கொடுத்தது நான்.

அந்த வெள்ளத்துக்கு உன் புரோகிராம் முதலில் மூன்றே முக்கால் மீட்டர் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? "எங்கயோ சொதப்புறேன்க்கா" என்று மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டாய். பிறகு தண்ணீர் வேகமாக ஓடி மட்டம் இறங்கட்டும் என்று, புரோகிராமில் ஆற்றுப் படுகையின் சொரசொரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூன்றுக்கு இழுத்துவந்து பொருத்தினாய். நீ சொதப்பவே இல்லை, தம்பி. முதலில் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. இதை எழுதும்போது அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. இரண்டும் என் மேல்தான்.

போன வாரம் இதைப் போனில் சொன்னதும் நீ பேசியது இருக்கிறதே, அந்தக் கோபம் உன் மேல். "வேலை நிரந்தரம் ஆகிற வரைக்கும் ஒரு மாசம் வாயைத் திறக்காதேக்கா. புரோகிராம் வேற யாருக்கும் காட்டுற நிலைமையில இல்ல" என்றாய். புரோகிராம் அலங்கோலமாக இருந்தால் இருக்கட்டுமே. உன் துணி அலமாரியைப் பத்து வருடம் பார்த்தவள் நான், எனக்கு ஒன்றும் மயக்கம் வராது.

அந்தச் சிமுலேஷனைப் பற்றி நீ வெளியிட்ட கட்டுரையை வைத்துத்தான் ஆற்றின் கரைச் சுவருக்கு உயரம் மூன்றேகால் மீட்டர் என்று முடிவாகியிருக்கிறது. வருகிற பதினைந்தாம் தேதி கான்கிரீட் போடப்போகிறார்கள். நேற்று என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆமாம், சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மூணேகால் தப்புன்னா சரியான உயரம் எவ்வளவு மேடம்? அதைச் சொல்லாம நான் எப்படி வேலையை நிறுத்துறது?" என்று கேட்டார். அந்த எண் உன் புரோகிராமிலிருந்துதான் வரவேண்டும். ஒரு முறை ஓட்டப் பதினொரு மணி நேரம் ஆகும் என்பாய். நமக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அந்த ஒன்பது மணி நேரத்தையும் 'மூன்றுக்கு மேல், எவ்வளவு என்று தெரியாது' என்று குறித்து, விளக்கத்தோடு புது அட்டவணை இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன், உன்னை மிரட்டுவது போல ஆகிவிடுமே என்று. அவள் இருக்கும் அந்த ஆற்றோரக் குடியிருப்பு முழுவதும் வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. அன்று அங்கே வெறும் முட்புதர், தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்க்க ஆள் இல்லை. இப்போது மழை வரப்போகிறது என்று சிலர் சாமான்களை மாடிக்கு ஏற்றுகிறார்கள். அம்மா மட்டும் கீழறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, "என் பையன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டான், நம்ம வாசலுக்குத் தண்ணி வராது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் அதை நம்பி, ஏற்றிய பீரோவைத் திரும்பக் கீழே இறக்கியிருக்கிறார்.

நேற்று அலுவலகத்திலிருந்து நேராக அங்கேதான் போனேன். கணக்கில் தவறு இருக்கிறது, என்னால் வந்தது, மாடிக்குப் போய்விடு அம்மா என்று கெஞ்சினேன். முழங்காலைத் தடவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு என்னடி தெரியும்? அவன் சொல்லட்டும், ஏறுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

உன் வேலை நிலைக்கவேண்டும் என்று உன்னைவிட அதிகமாக வேண்டிக்கொள்கிறவள் நான். இதனால் அது போய்விடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, போகாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. புரோகிராமை இருக்கிறபடியே எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் அனுப்பு. யார் எது கேட்டாலும் அக்கா கொடுத்த அட்டவணை என்று சொல், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், கண்ணா. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போடு. மாடிக்கு ஏறச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
அக்கா