ஓட்டில்லாத அக்கா

அரிசோனா,
செப்டம்பர் 3

அன்புத் தம்பி ஃபெர்மினுக்கு,

நீ ஷெரீப்பின் போலீஸ் படையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, இனி உன்னோடு பேசமாட்டேன் என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. கார் பின்விளக்கு எரியவில்லை என்று, தெருவுக்கே முடி வெட்டும் பக்கத்து வீட்டு சேல்சோவை உங்கள் ஆட்கள் நிறுத்தி, குடியுரிமைப் பேப்பர் கேட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவி அம்பாரோ அழுது முடித்துவிட்டு, "எந்திரி ஒத்தில்யா, நவம்பர் தேர்தல்ல ஷெரீப்பத் தோக்கடிப்போம்" என்று கிளம்பிவிட்டாள். பிரச்சாரத்துக்கென்று தைத்த சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாக ஓட்டுக் கேட்கிறோம். ஒரு பெரியவர், "உனக்கே ஓட்டு இல்ல, எனக்கு வந்து சொல்றியா?" என்றார். "அதனாலதான் உங்க ஓட்டைக் கேக்குறேன்" என்றேன். சிரித்துவிட்டு ஐஸ் தண்ணீர் கொடுத்தார். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து பேப்பர் இல்லாதவள், நீ இங்கே பிறந்தவன். உன் ஓட்டு யாருக்கு?

கோபம் தீராத அக்கா,
ஒத்தில்யா

செப்டம்பர் 14

அக்கா,

உன் எழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். படித்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு இன்னொரு முறை படித்தேன். நான் தெருவில் யாரையும் பிடிப்பதில்லை. சிறைக்கு வருகிறவர்களின் பெயரைப் பதிகிறேன். ஒவ்வொரு வண்டி வரும்போதும் நீ இறங்குவாயோ என்று பார்க்கிறேன். அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அலையாதே.

ஃபெர்மின்

அக்டோபர் 5

தம்பி,

நேற்று எங்கள் காரையும் நிறுத்தினார்கள். என்னிடம் பேப்பர் கேட்டார்கள். அம்பாரோ ஹாரனில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. தெருவே போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்துவிட்டது. போலீஸ்காரர் வியர்த்துப்போய், "போங்கம்மா, போங்க" என்றார். அம்பாரோ அவரிடமும் ஓட்டுக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

என் பெயர் உன்னிடம் வந்தால் பிழையில்லாமல் எழுது.

ஒத்தில்யா

அக்டோபர் 17

அக்கா,

நேற்று உன் வயதுப் பெண் ஒருத்தியை, பேப்பர் இல்லை என்று பிடித்து வந்தார்கள். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவரப் போனவளாம். "குடியேற்றத் துறைக்குச் சொல்லு" என்றார் மேலதிகாரி. நான் போனை எடுக்கவில்லை.

"நீ செய்யலைன்னா இன்னொருத்தன் செய்வான்."

"செய்யட்டும் சார். நான் செய்யமாட்டேன்."

பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டேன். இன்னொருத்தன் செய்தான், அக்கா. அதுதான் மனசை அறுக்கிறது. என் அளவுக்குச் சிவப்புச் சட்டை இருக்கிறதா?

ஃபெர்மின்

அக்டோபர் 21

என் தங்கமே,

சட்டை அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் இறுக்கும், சாப்பாட்டைக் குறை. ஓட்டுக் கேட்க உனக்கு நசாரியோ மாமா வீடு. ஷெரீப்பின் பரம பக்தர். எங்களை நாயை விட்டுத் துரத்தினார்.

முத்தங்களுடன்,
அக்கா

நவம்பர் 9

அக்கா,

ஷெரீப் தோற்றார் என்றதும் நேற்று ராத்திரி நீ ஆடிய ஆட்டத்தில் எதையும் சொல்ல முடியவில்லை. அம்பாரோவும் ஆடினாள், பிறகு ஓரமாகப் போய், சேல்சோவுக்குப் போன் போட்டு அழுதாள்.

மாமா என்னையும் ஜன்னல் வழியாகத்தான் திட்டினார். ஆனால் நேற்றுக் காலை ஓட்டுப் போடப் போக அவரே போனில் கூப்பிட்டு, "வண்டி கிளம்பலடா, வந்து கூட்டிட்டுப் போ" என்றார். திரும்பும்போது, "யாருக்கு மாமா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுடா."

கொஞ்ச தூரம் போனதும் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"சேல்சோ போனதுலேர்ந்து எனக்கு ஒழுங்கா முடி வெட்ட ஆளே இல்ல."

உன் தம்பி,
ஃபெர்மின்