பக்கத்து இருக்கை

குரோருட், ஒஸ்லோ,
மாசி 2007

அன்பு மகனுக்கு,

சுகமாக ஒஸ்லோ வந்து சேர்ந்தேன். இங்கே முழங்காலளவு பனி. தாய்லாந்தில் உன்னோடு மூன்று வாரம் செருப்புடன் திரிந்த கால் சப்பாத்துக்குள் போக மறுக்கிறது.

உடோன்தானிச் சந்தையும், நீ மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய செம்மண் வயல்களும் நல்லாய்த்தான் இருந்தன. உன்னோடு இருக்கிற அந்தப் பிள்ளையின் தாயார் என்னைப் பாயில் இருத்தி, மூங்கில் கூடையில் சோறு வைத்ததும் நான் கரண்டி தேடினேன். வேலையிடத்து இருபது வருடப் பழக்கம். அவர்களெல்லாம் கையால் உருட்டிச் சாப்பிட்டதைக் கண்டதும் வெட்கமாய்ப் போய்விட்டது. நான் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை அவ ருசி பார்த்துவிட்டு, சிரித்தபடி தன் சம்பலை என் பக்கம் தள்ளினா. என் கண்ணில் தண்ணீர் வந்தது உறைப்பால்தான்.

இங்கே விமான நிலையத்தில் அம்மா, "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டா.

"ஓம். அவன் அங்கை இருக்கட்டும். மருமகள் நல்லாப் பாக்கிறா" என்றேன்.

உனக்கு நான் சொல்லவில்லை. திரும்பிவர இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் அங்கே வந்தேன். பக்கத்து இருக்கை வெறுமையாகவே வந்தது. அதில் காலை நீட்டி நல்ல நித்திரை கொண்டேன்.

அப்பா