முதலில் ‘வாங்க’ சொன்ன சர்வர்

என் சபீனா கண்ணு,

நீ காய்ச்சல்ல படுத்து அப்படியே போயிட்டப்போ நான் மாசமா இருந்தேன். சாவு வூட்டுக்குப் போகக்கூடாதுன்னு என்னை அனுப்பலை. இப்போ என் பொண்ணு அமுதா தவழுறா. அவ தூங்குற மத்தியானத்துல இதை எழுதறேன். மூச்சு சீரா வருதான்னு நடுநடுவே போய்ப் பார்த்துட்டு வரேன். எல்லா அம்மாவும் இப்படித்தானா, நான் மட்டுந்தானா?

ஒரு சேதி சொல்லணும். நம்ம ஊர்ப் பீங்கான் பொம்மைக் கம்பெனி ஒண்ணுல வேலை கேட்டிருந்தேன். சூளைக் கொட்டகை கம்ப்யூட்டர்ல சரக்கு விவரம் இருக்குது. ஆபீஸ் கம்ப்யூட்டர் கேட்டா அது எண்ணிக்கையைச் சொல்லணும். அதுக்கு ஒரு சின்ன சர்வர் எழுதித் தரணும். சரியா வந்தா வூட்டிலிருந்தே வேலை. இல்லேன்னா அமுதாவைப் பெண்ணாடத்துல மாமியார்கிட்ட விட்டுட்டு நான் சென்னைக்குப் போகணும். அவ இன்னும் பால் குடிக்கிறா சபீ.

காலேஜ் லேப்ல நாம பைத்தான்ல எழுதின சர்வரையே எடுத்துக்கிட்டேன். யார் இணைஞ்சாலும் முதல்ல இங்கிலீஷ் எழுத்துல ‘வாங்க’ன்னு அனுப்பணும்னு அடம்பிடிச்சு அந்த வரியை நீதான் தட்டினே. “கேட்டதுக்குப் பதில் சொன்னா போதாதாடி?”ன்னேன். “வாசல்ல வந்து நிக்கிறவங்களை, நீங்களே பேசுங்கன்னு முறைச்சுக்கிட்டு நிப்பியா? உங்க வூட்டுல அப்படித்தான் போல”ன்னே.

ஆபீஸ்ல இருந்த புரோகிராம் வேற யாரோ எழுதினது. முதல்ல வர்றது எண்ணாத்தான் இருக்கும்னு நம்பிக் காத்திருக்கும். உன் ‘வாங்க’ போய்ச் சேர்ந்ததும் சரக்கு பூஜ்யம்னு காட்டிடுச்சு.

“என்னம்மா இது, கொட்டகை நிறைய பொம்மை இருக்குது, ஒண்ணுமில்லைங்குது?”ன்னார் முதலாளி.

“முதல்ல வாங்கன்னு சொல்லுதுங்க, அதான்.”

“சரக்கைக் கேட்டா உபசாரம் பண்ணுதா? காபி குடுக்கலையா?” சிரிச்சார். “சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிடுவியாம்மா?”

ஒரே வரிதான், அழிச்சா போதும். ஆனா உன் விரல் பட்டதுன்னு எங்கிட்ட வேற என்ன இருக்குது? அந்த வரியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அமுதா முகம் வந்துது. அழிச்சுட்டேன்.

மறுபடி ஓட்டினேன். எண்ணிக்கை சரியா வந்து நின்னுது. “திங்கக்கிழமையிலேருந்து ஆரம்பிச்சுடும்மா”ன்னார். வெளியே வந்து அழுதேன். சந்தோஷமா, வேறயான்னு எனக்கே தெரியலை. “ஒரு வரிக்கு இவ்ளோ சீன் போடுறியாடி”ன்னுதான் நீ திட்டியிருப்பே, இல்ல?

உங்கம்மாவை நான் இன்னும் பார்க்கலை. மாசமா இருந்தப்போ ஊர் தடுத்துது. அப்புறம் என் பயந்தான் தடுத்துது, என்னைப் பார்த்தா பக்கத்துல உன்னைத் தேடுவாங்களேன்னு. இந்த வெள்ளிக்கிழமை அமுதாவைத் தூக்கிட்டுப் போறேன். அவங்க மடியில அவளை உட்கார வெச்சு, அவங்க அழுது முடிக்கிற வரைக்கும் நான் எழுந்து வரமாட்டேன். சத்தியமா.

உங்கம்மாவோட இன்னொரு மக,
கலா